பொத்தானைத் தொடுமுன்: பழைய குரோனோகிராஃப் பற்றிய வாசகர் கேள்விகள்

சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்களில், ஓட்டநேரம் அளக்க இரண்டு பொத்தான் வைத்த குரோனோகிராஃப் வகையைப் பற்றி டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஐயா, தாத்தாவின் பெட்டியில் ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது. சாவிக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். முப்பது வருஷமாக யாரும் கட்டவில்லை. சாவி கொடுத்துப் பார்க்கலாமா? பார்த்தால் பழுதாகிவிடுமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

ஐந்தாறு சுற்று சாவி கொடுத்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அதனால் கேடில்லை. அதோடு நிறுத்திவிடுங்கள். பொத்தான்களைத் தொடவே வேண்டாம்.

முப்பது வருஷத்தில் உள்ளே இருந்த எண்ணெய் வற்றியிருக்கும், அல்லது பிசினாக இறுகியிருக்கும். கடிகாரம் "டிக் டிக்" என்று ஓடுவதை வைத்து அது நலமாக இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. எண்ணெய் இல்லாமலும் சில மாதம் ஓடும். ஓடும் ஒவ்வொரு நாளும் சக்கர அச்சின் எஃகு நுனி, அதைத் தாங்கும் கல்லின் துளைக்குள் உராய்ந்து தேயும். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது வேறு, அப்படியே தினமும் கட்டிக்கொண்டு போவது வேறு.

பொத்தான்களின் கதை இன்னும் கடினம். குரோனோகிராஃப் என்பது ஒரே கூட்டுக்குள் இரண்டு இயந்திரம். அடியில் நேரம் காட்டும் சாதாரண மூவ்மெண்ட். அதன் மேல் நெம்புகோல், சுத்தியல், மெல்லிய தகட்டு ஸ்பிரிங், இதய வடிவத் தகடான கேம் என்று ஒரு தனி அடுக்கு. எண்ணெய் இறுகிய நிலையில் பொத்தானை விரலால் பலமாக அழுத்தினால், அந்தப் பலம் முழுதும் தகட்டு ஸ்பிரிங்கின் மேல் போய் விழும். ஒடிந்த ஸ்பிரிங்குக்கு மாற்று தேடுவதுதான் பழைய கடிகாரத்தில் மிகப் பெரிய செலவு. சில சமயம் மாற்றே கிடைக்காமல், ஒருவர் உட்கார்ந்து கையால் வெட்டிச் செய்ய வேண்டியிருக்கும்.

பின்மூடியையும் வீட்டில் திறக்காதீர்கள். முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்து, அது பழுப்பேறியிருந்து, டயலின் கீழ் ஓரத்தில் "டி" (T) என்ற எழுத்துக் குறி எதுவும் இல்லையென்றால், அது ரேடியமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1960களின் தொடக்கம் வரை ரேடியம் பரவலாகப் பூசப்பட்டது. இன்று அது ஒளிராமல் இருப்பதற்குக் காரணம், கூடக் கலந்த துத்தநாக சல்ஃபைடு செத்துப்போனதுதான். ரேடியம்-226இன் அரை ஆயுள் 1600 ஆண்டு, ஆகவே கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. மூடிய கடிகாரத்தை எப்போதாவது கட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. உதிர்ந்த தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. டயலின் கீழ் ஓரத்தில் "டி சுவிஸ் டி" என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் அது டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுதான், பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்திருக்கும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது எந்தப் பூச்சு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிப்பேர்காரர் கையுறை போட்டுக்கொண்டு, தூள் பறக்காமல் வேலை செய்வார்.

திறந்தவுடன் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது மூவ்மெண்டின் பெயரும் எண்ணும். பெரும்பாலும், இங்கும் அங்கும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் தகட்டில் பொறித்திருக்கும். பொத்தான்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதே அதைப் பொறுத்ததுதான். வால்ஜூ 72, வீனஸ் 178, லெமானியா 2310 போன்ற மூவ்மெண்டுகளில் மேல் பொத்தான் ஓட்டும், மறுபடி அழுத்தினால் நிறுத்தும். கீழ்ப் பொத்தான் முள்ளைச் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, திருப்பும். லாண்டெரோன் 48 வேறு மாதிரி. அதில் மேல் பொத்தான் ஓட்ட மட்டுமே. கீழ்ப் பொத்தானை முதல் தடவை அழுத்தினால் நிற்கும், இரண்டாம் தடவை அழுத்தினால் சுழிக்கு வரும். இது தெரியாதவர்கள் மேல் பொத்தானை அழுத்தி அழுத்தி, நிற்கவில்லையே என்று பலத்தைக் கூட்டுவார்கள். கெடாத கடிகாரம் அங்கேதான் கெடுகிறது.

நடுவிலுள்ள நீண்ட நொடி முள், சுழிக்குத் திருப்பினால் 12இல் நிற்பதில்லை. இரண்டு மூன்று நொடி தள்ளி நிற்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது ஒரு குதியும் குதிக்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இல்லை. முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஓட்டுங்கள், நிறுத்துங்கள், திருப்புங்கள். பத்து தடவை செய்து, முள் ஒவ்வொரு தடவையும் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து தடவையும் ஒரே இடத்தில், உதாரணமாக 2 நொடியில், நின்றால் முள் தன் அச்சில் சற்றுத் திரும்பிவிட்டது என்று பொருள். சுழிக்குத் திரும்பும்போது இந்த முள் ஒரே அடியில் பாய்ந்து வந்து சட்டென்று நிற்கிறது. முள்ளின் குழாய் அச்சைத் தளர்வாகப் பிடித்திருந்தால் அந்த அதிர்ச்சியில் நகர்ந்துவிடும். முள்ளைக் கழற்றி, குழாயைக் கொஞ்சம் இறுக்கி, சுத்தியல்கள் கேமின் மேல் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே 12க்கு நேராக மறுபடி பொருத்தினால் சரியாகும். இறுக்காமல் வெறுமனே கழற்றிக் கழற்றிப் பொருத்துகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் குழாய் இன்னும் விரியும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. நொடிச் சக்கரத்தின் மேல் இதய வடிவக் கேம் ஒன்று உண்டு. சுத்தியலின் தட்டை முனை அதன் எந்தப் பக்கத்தில் மோதினாலும் கேம் சுழன்று, மிகத் தாழ்ந்த இடம் சுத்தியலுக்கு நேராக வரும்போது நிற்கும். கேமின் பக்கத்தில் அழுக்கோ கீறலோ இருந்தால், அல்லது சுத்தியல் ஸ்பிரிங் வலுவிழந்திருந்தால், முள் அந்தத் தாழ்ந்த இடத்தை எட்டாமல் பாதியில் தங்கும். இதற்கு முழு சர்வீஸ் தேவை.

குதிப்பைப் பற்றி: வால்ஜூ, வீனஸ், லாண்டெரோன் எல்லாவற்றிலும், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து, நின்றுகொண்டிருக்கும் நொடிச் சக்கரத்தின் பல்லைக் கவ்வுகிறது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் முள் முன்னேயோ பின்னேயோ சிறிது துள்ளும். ஒரு நொடிக்கும் குறைவான துள்ளல் இந்த அமைப்பின் இயல்பு. ஓடும்போது முள் தொடர்ந்து நடுங்கினால்தான் கவலைப்பட வேண்டும். நொடிச் சக்கரத்தின் அடியில் உள்ள மெல்லிய உராய்வு ஸ்பிரிங் வளைந்திருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும்.

பற்கள் எவ்வளவு ஆழமாகக் கவ்வ வேண்டும் என்பதை மையம் விலகிய திருகுகள் தீர்மானிக்கின்றன. பல்லின் உயரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கவ்வினால் சரி. அதிகமானால் கடிகாரமே திணறி நிற்கும். குறைந்தால் பல் வழுக்கித் தேயும். மூடியைத் திறந்தவுடன் பளபளவென்று கண்ணில் படும் திருகு என்பதற்காக, அனுபவமில்லாதவர்கள் இதைத் திருகி வைத்துவிடுவதுண்டு. தொழில் தெரிந்தவர், கழற்றும் முன்பே திருகின் நிலையைப் படம் எடுத்துக்கொள்வார்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நல்ல வேலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தொழில் நுட்பம் தெரியாது.
– வாசகி, பீனிக்ஸ்

அம்மா, திரும்ப வாங்கும்போது எண்களைக் கேளுங்கள். பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை ஆடுகிறது என்பதை டைம்கிராஃபர் கருவி காட்டும். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்கும்போது, குரோனோகிராஃப் ஓடாமல் 270 முதல் 300 பாகை வரை இருந்தால் நன்று. பின்பு குரோனோகிராஃபை ஓட்டிவிட்டு ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். 20, 30 பாகை குறைவது இயல்பு. அதற்கு மேல் நன்றாகக் குறைந்தால் பல் ஆழம் தவறு, அல்லது எங்கோ அழுக்கு. 24 மணி நேரம் கழித்தும் 200க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த மூன்று எண்ணையும் ரசீதிலேயே எழுதித் தருகிறவர் நம்பத் தகுந்தவர்.

முறையான வேலையில் வரிசை முக்கியம். எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, முதலில் அடி மூவ்மெண்டை மட்டும் கூட்டி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது நன்றாக ஓடினால்தான் மேலடுக்கு. எண்ணெயும் ஒரே எண்ணெய் அல்ல. வேகமாக ஆடும் பேலன்ஸுக்கும் அதோடு இணைந்து விசையைச் சிறிது சிறிதாக விடும் எஸ்கேப் சக்கர அச்சுக்கும் மோபியஸ் கம்பெனியின் 9010 போன்ற மெல்லியது. எஸ்கேப் சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் பாலட் கல்லின் முகத்துக்கு 9415. மெதுவாகச் சுழலும் சக்கரங்களுக்குத் தடித்த எண்ணெய். பொத்தானை அழுத்தும்போது நெம்புகோல்களை நகர்த்தும் தூண் சக்கரத்துக்கும், நெம்புகோல் உராயும் இடங்களுக்கும் 9504 போன்ற கிரீஸ். குரோனோகிராஃப் சக்கரங்களின் பற்களுக்கு ஒரு துளியும் கூடாது. பல்லில் எண்ணெய் பட்டால் தூசியைப் பிடித்து அரைக்கும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சிறு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கூட்டுக்கு மெருகு ஏற்ற வேண்டாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பலர் கேட்காமலே செய்துவிடுவார்கள். பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்விளிம்பு மெருகில் ஒரு தடவை மழுங்கினால் திரும்ப வராது. டயலும் அப்படித்தான். மூவ்மெண்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்யலாம். பழைய டயலையும் பழைய விளிம்பையும் யாராலும் திரும்பச் செய்து தர முடியாது. ஆகவே பணத்தை உள்ளே செலவிடுங்கள். வெளியே மென்மையான தூரிகையும் சற்றே ஈரமான துணியும் போதும்.

தைப்பூசம் முடிந்து வந்ததிலிருந்து கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறது. பின்மூடியில் "வாட்டர்ப்ரூஃப்" என்று இருக்கிறதே?
– வாசகர், மெர்பேங்க்

அறுபது வருஷத்துக்கு முன் பொறித்த வார்த்தை இன்று காக்காது. ரப்பர் வளையங்கள் இறுகி வெடித்திருக்கும். 1940, 50களின் பல கடிகாரங்களில் பொத்தான் தண்டுக்கு ரப்பர் வளையமே கிடையாது. தண்டைச் சுற்றியுள்ள இடைவெளி திறந்த வாசல்தான். தைப்பூசம் வருவதோ டர்பன் காற்றே நனைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில். காவடி நாளில் வியர்வை, மஞ்சள் நீர், சந்தனம், திருநீற்றுத் தூள் எல்லாம் அந்த வாசல் வழியாக உள்ளே போகும். சாமி காரியத்துக்குப் போகும்போது இந்தக் கடிகாரத்தை வீட்டிலேயே வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பட்டையைக் கழற்றுங்கள். சாவியை நேரம் மாற்றும் நிலைக்கு வெளியே இழுங்கள், ஈரம் வெளியேற ஒரு வழி கிடைக்கும், பெரும்பாலான பழைய மூவ்மெண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். மாவுத்தூள் பொத்தான் இடைவெளியில் போய்ச் சேரும். ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு ஈரத்தை உள்ளேயே இன்னும் ஆழமாகத் தள்ளும், பழைய டயலின் பூச்சும் உரியும். ஆவி மறைந்தாலும் வேலை முடியவில்லை. ஓரிரு நாளுக்குள் திறந்து பார்த்தாக வேண்டும். துரு முதலில் பிடிப்பது சாவித்தண்டையும் எஃகு நெம்புகோல்களையும்தான். கடல் நீர் போயிருந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள்.

ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கண்ணாடியின் மேல் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். உட்புறம் பனிபோல் படிந்தால் உள்ளே ஈரம் உண்டு. வெளிப் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய கடைக்குள் நுழையும்போது ஆவி தெரிவதும் இதே காரணத்தால்தான்.

புதிய வளையம் போட்ட பிறகும் கடிகாரத்தைக் காற்றழுத்தத்தில் சோதிக்கச் சொல்லுங்கள், தண்ணீரில் முக்கி அல்ல. சோதனையில் தேறினாலும் கை கழுவும் தெறிப்புக்கு மட்டுமே நம்புங்கள். ஈரக் கையோடு பொத்தானை அழுத்தினால் தண்டே நீரை உள்ளே தள்ளும்.

குரோனோகிராஃபை எப்போதும் ஓடவிட்டே வைத்திருந்தால் முள் அழகாகச் சுற்றுகிறது. தவறா? காம்ரேட்ஸ் ஓட்டத்தில் கட்டிக்கொண்டு ஓடலாமா?
– வாசகர், டோங்காட்

பக்கவாட்டில் கவ்வும் பழைய சுவிஸ் மூவ்மெண்டில் தவறுதான். பல் தேயும், பேலன்ஸின் ஆட்டம் குறையும், நேரமும் பிசகும். வாரத்தில் சில தடவை ஓட்டி, நிறுத்தி, திருப்பி வைப்பது நல்லது. சும்மா கிடந்தாலும் நெம்புகோல்கள் இறுகும். செய்கோ 6139 இதற்கு விலக்கு. 1969இல் வந்த அந்த மூவ்மெண்டில் கவ்வுதல் மேலிருந்து கீழாக, தட்டும் தட்டும் அழுந்தி நடக்கிறது. ஓடவிட்டாலும் பல் தேய்வதில்லை, தொடக்கத்தில் துள்ளலும் இல்லை. ஆனால் 6139க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. ஆட்டினால்தான் ஏறும். சாவியைத் திருகிப் பயனில்லை, அதை உள்ளே அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே அப்படி மாற்றாதீர்கள்.

எந்தக் கடிகாரமானாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். ஓட்டத்திலேயே திருப்பும்படி பிரத்யேகமாகச் செய்தவை மட்டும் விலக்கு. நிறுத்து, பிறகு திருப்பு.

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தின் கடைசி வரம்பு 12 மணி நேரம். மூன்று சிறு வட்டம் உள்ள கடிகாரத்தின் மணி எண்ணியும் 12 வரைதான் போகும். பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அத்தனை மணி நேரம் கை வீச்சும் உப்பு வியர்வையும் பேலன்ஸ் அச்சுக்கும் கூட்டுக்கும் ஆகாது. வழியில் தண்ணீர் கொடுக்க நிற்கும் உறவுக்காரரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

பழையது ஒன்று வாங்க ஆசை. ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், லெனேசியா

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே வைக்கும் சிறு பூதக்கண்ணாடி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பு கூராக இருக்கிறதா, நிமிஷக் கோடுகள் ஒரே தடிமனா, சிறு வட்டங்களின் வளையக் கீற்றுகள் பூச்சில் மூழ்காமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். எழுத்து சிறு வட்டத்தின் ஓரத்தில் ஏறியிருந்தாலோ, டயலின் கீழ் ஓரத்தில் இருக்க வேண்டிய சிறிய "சுவிஸ்" காணவில்லை என்றாலோ, டயல் மறுபடி பூசப்பட்டிருக்கலாம். முள்ளின் ஒளிப்பூச்சும் டயலின் ஒளிப்பூச்சும் நிறத்தில் ஒத்துப்போக வேண்டும். நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடும் நீளம் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் வேறு கடிகாரத்தின் முள்.

விற்பவர் பத்து நொடி ஓட்டிக் காட்டுவார். அது போதாது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிடுங்கள். நொடி முள் 60ஐத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் நிமிஷ எண்ணி ஒரு கட்டம் சுத்தமாக நகர்கிறதா, 30 முடிந்து மறுசுற்றுத் தொடங்குகிறதா, அப்போது கடிகாரம் நிற்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். நிமிஷ எண்ணியைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கின் கோளாறு இங்கேதான் வெளிப்படும். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். திருகுத் தலைகள் கீறிச் சிதைந்திருந்தால் பல கைகள் விளையாடியிருக்கின்றன.

செய்கோ 6139இல் பின்மூடி எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது இலக்கம் மாதம். விற்பவர் சொல்லும் ஆண்டோடு ஒப்பிடுங்கள். அதன் டயல்களுக்குப் புதிய நகல்கள் ஏராளம். வீனஸ் 175இன் வழிவந்த சீன எஸ்.டி.19 மூவ்மெண்ட் இன்றும் புதிதாக உற்பத்தியாகிறது. கற்றுக்கொள்ள நல்ல இயந்திரம். ஆனால் அதைப் பழையது என்று விற்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் சேருங்கள்.

டயலைச் சுற்றி இரண்டு அளவுகோல் இருக்கிறது. ஒன்றில் 60 முதல் 500 வரை. இன்னொன்றில் 1, 2, 3. எதற்கு?
– வாசகி, லாடியம்

முதலாவது டேக்கிமீட்டர், வேகம் பார்க்க. N3 சாலையில் ஒரு கிலோமீட்டர்க் குறியில் ஓட்டி அடுத்த குறியில் நிறுத்துங்கள், வண்டி ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். 30 நொடியில் நின்றால் முள் 120ஐக் காட்டும். மணிக்கு 120 கிலோமீட்டர், நெடுஞ்சாலை வரம்பு. 3600ஐ நொடிகளால் வகுத்த விடைதான் அந்த எண்கள். ஆகவே மைலுக்கும் பொருந்தும். ஒரு மைலை அளந்தால் மணிக்கு இத்தனை மைல். 60 நொடிக்கு மேல் ஆனால் அளவுகோல் உதவாது.

இரண்டாவது டெலிமீட்டர். பிரிட்டோரியா, ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடை மாலைகளில் இடி மின்னலுக்குக் குறைவில்லை, உங்களுக்கு நன்றாகப் பயன்படும். மின்னல் கண்ணில் பட்டதும் ஓட்டுங்கள், இடி காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். முள் நிற்கும் எண்தான் கிலோமீட்டரில் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, எனவே 1 என்ற எண் மூன்று நொடிக்குச் சற்று முன்னே இருக்கும். அடுத்தடுத்த அளவில் எண் குறைந்துகொண்டே வந்தால் மழை உங்கள் பக்கம் வருகிறது.

கண்ணாடியில் கீறல். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், கேட்டோ மனோர்

பழைய கடிகாரங்களில் பெரும்பாலும் இருப்பது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் கண்ணாடி. நகத்தில் தட்டாத மெல்லிய கீறலானால் வீட்டிலேயே போகும். கூட்டின் விளிம்பையும் பொத்தான்களையும் ஒட்டு நாடாவால் மூடுங்கள். பாலிவாட்ச் என்ற மெருகுப் பசையைப் பட்டாணி அளவு வைத்து, பருத்தித் துணியால் மூன்று நான்கு நிமிஷம் கீறலுக்குக் குறுக்காகத் தேயுங்கள். சூடேறும் அளவுக்கு அழுத்தாதீர்கள். துடைத்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி செய்யுங்கள். அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது, அக்ரிலிக் மயிரிழையாக வெடிக்கும். விளிம்பிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. அதே விட்டமும் அதே உயரமும் உள்ள புதியதைப் போடச் சொல்லுங்கள். உயரம் குறைந்தால் நடு நொடி முள்ளின் நுனி கண்ணாடியில் உரசும்.